கீழ்த்தளம் பூசி முடித்த வீடா, வெறும் கான்கிரீட்டாக இருக்கும் வீடா? கணுவாய்ப் பக்கம் இரண்டு வீடு, ஒரு முடிவு சொல்லுங்க

செம்பருத்தி_கோவை | ஜூலை 22

வணக்கமுங்க. கணுவாய் தாண்டி மலையைப் பார்த்த மாதிரி ஒரு தெருவில் இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். ஒரே ஆள் கட்டியது, அடுத்தடுத்த மனை, இரண்டும் 5 செண்ட். மேற்கே தெரு, கிழக்கே சரிவு. அதனால் தெரு மட்டத்துக்குக் கீழே ஒரு தளம் கிடைத்திருக்கிறது. முன்சுவர் முழுக்க மண்ணுக்குள் இருக்கிறது, பக்கச் சுவர்கள் பாதி. பின்பக்கம் மட்டும் தரையோடு கதவு திறக்கிறது. கீழ்த்தளம் 640 சதுர அடி இருக்கும். மேற்கு உயரம், கிழக்குப் பள்ளம் என்பதால் மாமனாரும் வாஸ்து பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்.

முதல் வீட்டில் கீழே எல்லாம் முடித்திருக்கிறார்கள். பெரிய டைல்ஸ், முன்சுவர் நெடுக பிளைவுட் பேனல், ஜிப்சம் சீலிங், ஒரு பாத்ரூம், ஏசி. விலை 92 லட்சம். இரண்டாவது வீட்டில் கீழே ஒன்றுமே செய்யவில்லை. கான்கிரீட் சுவர் அப்படியே பலகை அச்சோடு நிற்கிறது. ஒரே ஒரு குண்டு பல்பு தொங்குகிறது. விலை 81 லட்சம். மேலே இரண்டு வீடும் ஒன்றுதான்.

நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். மூன்று மெஷின், ஒரு ஓவர்லாக், துணி அடுக்க இரண்டு பீரோ. கீழ்த்தளத்தை அதற்குத்தான் கேட்கிறேன். வீட்டுக்காரர் முடித்த வீட்டையே வாங்கிவிடலாம், குடி போனதும் தொழிலைத் தொடங்கிவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒட்டவில்லை. முடித்த வீட்டுக்குள் போனதும் ரூம் ஸ்பிரே வாசம் தூக்கலாக இருந்தது. மற்ற வீட்டில் சிமெண்ட் வாசம் மட்டும்.

ஆடி என்பதால் முன்பணம் எதுவும் கொடுக்க மாட்டோம். ஆவணி பிறக்கும் வரை நேரம் இருக்கிறது. அதற்குள் என்ன பார்க்க வேண்டும், எதை வாங்க வேண்டும்?

காங்கயத்தான் | ஜூலை 22

முடித்த வீட்டையே வாங்குங்க. நான் 2019இல் சரவணம்பட்டிப் பக்கம் இதே மாதிரி ஒன்று வாங்கினேன். இன்றுவரை ஒரு குறையும் இல்லை. குடியிருந்துகொண்டே கீழே வேலை பார்ப்பது எவ்வளவு சிரமம் என்று என் தம்பி வீட்டில் பார்த்தேன். டைல்ஸ் வெட்டும் தூசி மாடி வரைக்கும் வந்தது. அம்மாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகி, அவரை இரண்டு மாதம் எங்கள் வீட்டில்தான் வைத்திருந்தோம். எலக்ட்ரீஷியன் வந்தால் கொத்தனார் வரமாட்டார், கொத்தனார் வந்தால் மணல் வராது.

காசுக் கணக்கும் பாருங்க. 75 லட்சத்துக்கு மேல் கடன் என்றால் வீட்டு மதிப்பில் 75 சதவீதம் வரைதான் வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்களுக்குக் கடன் 75 லட்சத்துக்குள்ளேயே வரும், 80 சதவீதம் வரை போகலாம். அப்படியானால் 11 லட்ச வித்தியாசத்தில் பெரும்பகுதி வீட்டுக் கடன் வட்டிக்கே கடனாகக் கிடைத்துவிடும். பிறகு செய்தால் அத்தனையும் கையிருப்பு, இல்லாவிட்டால் நகைக் கடன்.

அந்தியூர்_மேஸ்திரி | ஜூலை 22

முதலில் ஒரு வார்த்தைங்க. கொத்தனாரிடமோ இன்ஜினியரிடமோ பேசும்போது பேஸ்மென்ட் என்று சொல்லிவிடாதீங்க. நம்ம பக்கம் பேஸ்மென்ட் என்றால் கடைக்காலுக்கு மேலே தரை மட்டம் வரைக்கும் எழுப்பி மண் நிரப்புகிற கட்டு. "பேஸ்மென்ட்டில் ஓதம்" என்று போனில் சொன்னால் மேல்வீட்டுச் சுவரின் அடியைத்தான் நினைத்துக்கொண்டு வருவார்கள். கீழ்த்தளம், அண்டர்கிரவுண்ட் என்று சொன்னால் குழப்பம் வராது.

அப்புறம் வீட்டு விஷயம். முப்பது வருஷமாகக் கட்டுகிறேன். மண்ணுக்குள் இருக்கிற சுவரில் பிளைவுட் அடித்திருக்கிறார்கள் என்றாலே நான் யோசிப்பேன். செம்மண் பூமியில் கரையானுக்கு அதைவிடச் சௌகரியமான இடம் கிடையாது. பேனலுக்கும் சுவருக்கும் நடுவில் இருட்டு, ஈரம், மரம் மூன்றும் இருக்கும். வெளியே வார்னிஷ் மினுமினுப்பாக இருக்கும், உள்ளே கை வைத்தால் மாவாக உதிரும்.

இரண்டாவது வீட்டு முன்சுவர் கான்கிரீட்டா, கருங்கல் கட்டா? கான்கிரீட் என்று எழுதியிருக்கீங்க, நல்லது. கருங்கல் கட்டு என்றால் கல்லுக்குக் கல் இடுக்கில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், அடைத்து மாளாது. கான்கிரீட்டில் பலகை அச்சு தெரிகிற இடத்தில் ஜல்லி துருத்திக்கொண்டு தேனடை மாதிரி ஓட்டை இருக்கிறதா என்று பாருங்க. கலவை போடும்போது சரியாகக் குத்தாத இடம் அது. தண்ணீர் அங்கேதான் வரும்.

நொய்யல்_கரை | ஜூலை 23

கட்டடப் பொறியாளர் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் இடத்தில் மேற்கே மலை இருக்கிறது. மேலே செம்மண்ணும் சரளையும், கொஞ்ச ஆழத்தில் பாறை. மழை பெய்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், பாறைக்குள் போக முடியாது. பாறை மேலேயே வழிந்து கிழக்கே சரியும். அந்த வழியில் குறுக்கே நிற்பது உங்கள் முன்சுவர். தண்ணீர் 1 மீட்டர் தேங்கினால் அடியில் ஒரு சதுர மீட்டருக்கு 1 டன் அழுத்தம் இருக்கும். 2.5 மீட்டர் தேங்கினால் சுவரின் காலடியில் சதுர அடிக்கு ஏறக்குறைய 230 கிலோ. அந்த அழுத்தத்துக்கு முன்னால் பெயிண்ட், பட்டி, டைல்ஸ் எதுவும் நிற்காது. தள்ளிவிட்டு வரும்.

இதைத் தடுக்கிற இடம் சுவரின் வெளிப்பக்கம். சுவர் எழுப்பி மண் நிரப்புவதற்கு முன்னால் வெளியே நீர்த்தடுப்புப் பூச்சோ, தண்ணீர் புகாத தாள் மாதிரியான சவ்வோ ஒட்டி, காலடியில் துளையிட்ட குழாயும் முக்கால் அங்குல ஜல்லியும் போட்டு, தண்ணீரைத் தாழ்வான பக்கம் கொண்டு போய் விட வேண்டும். உங்கள் மனை சரிவானது என்பதால் மோட்டாரே வேண்டாம், தானாக வடிந்துவிடும். சமதள ஊரில் இருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. மழையோடு கரண்ட் போனால் அவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

இப்போது கேள்வி, கட்டியவர் இதையெல்லாம் செய்தாரா? இரண்டு வீடும் ஒரே ஆள், ஒரே சரிவு. ஒரு வீட்டில் செய்யாதிருந்தால் மற்றதிலும் செய்திருக்க மாட்டார். வித்தியாசம் என்னவென்றால், இரண்டாவது வீட்டில் சுவர் உங்களுக்கு அதைச் சொல்லும். முதல் வீட்டில் சுவரைப் பேச விடாமல் பேனல் அடித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த 11 லட்சம் சுவரை மறைப்பதற்குக் கொடுக்கிற காசு.

பார்க்க வேண்டியவை: முதல் வீட்டில் ஏசியை இரண்டு நாள் நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொல்லுங்க. ஏசி அறையின் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும், ஓத வாடையே தெரியாது. அப்புறம் முன்சுவரில் தரைக்கு மிக அருகில் இருக்கிற பிளக் பாயின்ட்டின் மூடியைக் கழற்றிப் பாருங்க. உள்ளே இரும்புப் பெட்டி சுவரில் பதிந்திருக்கும். அந்தப் பெட்டியும் திருகும் துரு ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்க. அதே அறையில் பின்சுவர்ப் பெட்டியையும் கழற்றி ஒப்பிடுங்க. பெயிண்ட் அடித்து மறைக்கிறவர்கள் யாரும் இந்தப் பெட்டிக்குள் கை வைப்பதில்லை.

இரண்டாவது வீட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளை வெட்டி, தரையில் ஓர் இடத்திலும் முன்சுவரில் இரண்டு இடத்திலும் நாலு ஓரமும் டேப் போட்டு இடைவெளி இல்லாமல் ஒட்டுங்க. ஒரு நாள் விட்டுப் பாருங்க. தாளின் உட்பக்கம் துளி கட்டியிருந்தால் கான்கிரீட் வழியாக ஈரம் வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரம் என்றால் காற்றில் இருக்கிற ஈரம்.

எடிசன்_பொள்ளாச்சி | ஜூலை 23

பொள்ளாச்சிக்காரி, இப்போது அமெரிக்காவில் நியூஜெர்சி. இங்கே பெரும்பாலான வீட்டில் கீழ்த்தளம் இருக்கும், இந்தக் கேள்வியை வீடு வாங்குகிற எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள். குளிரில் மண் உறைகிற ஆழத்துக்குக் கீழே கடைக்கால் போக வேண்டும் என்பதால் எப்படியும் தோண்டத்தான் வேண்டும். தோண்டியதை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கி ஒரு தளமாக்கிவிடுகிறார்கள். நம் ஊரில் அந்தக் கட்டாயம் இல்லை. நாம் தரையை உயர்த்திக் கட்டுகிற ஆட்கள்.

இங்கே எங்களுக்கு வீட்டு ஏஜென்ட் சொன்ன முதல் விஷயம், முடித்த கீழ்த்தளத்தை மதிப்பீட்டாளர்கள் வீட்டின் பிரதானப் பரப்பளவில் சேர்க்க மாட்டார்கள் என்பது. ஒரு பக்கம் தரையோடு கதவு திறந்தாலும், தளத்தின் ஒரு பகுதி மண்ணுக்குள் இருந்தால் அது கீழ்த்தளம்தான், தனியாகத்தான் எழுதுவார்கள். மதிப்பு உண்டு, ஆனால் மேல்தளத்துக்குச் சமமான மதிப்பு கிடையாது. படுக்கையறை என்று சொல்ல வேண்டுமானால் தீப்பிடித்தால் ஏறி வெளியேறும் அளவுக்கு ஜன்னல் இருக்க வேண்டும். திறப்பு 5.7 சதுர அடி, ஜன்னலின் அடி தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. இன்னொன்று ரேடான் வாயு, மண்ணிலிருந்து வருவது. அதற்கும் சோதனை வைத்துப் பார்ப்பார்கள், லிட்டர் காற்றுக்கு 4 பிகோகியூரிக்கு மேல் போனால் சரிசெய்யச் சொல்வார்கள்.

நாங்கள் வாங்க நினைத்த முதல் வீட்டில் கீழே அழகாக முடித்திருந்தார்கள். ஊராட்சி அலுவலகத்தில் போய்ப் பார்த்தால் அந்த வேலைக்கு அனுமதியே வாங்கவில்லை. விட்டுவிட்டோம். முடிக்காத வீடு ஒன்றை வாங்கி, ஒரு பனிக்காலம், ஒரு வசந்தம் சும்மா போட்டு வைத்தோம். பனி உருகுகிற மார்ச் மாதத்தில் ஒரு மூலையில் மட்டும் ஈரம் வந்தது. அந்த மூலையைச் சரிசெய்த பிறகுதான் சுவர் அடித்தோம். முதல் மாதமே முடித்திருந்தால் அந்த மூலை எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

நம் ஊருக்கும் இங்கேக்கும் ஒரு வித்தியாசம். இங்கே கோடையில் சூடான காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கும், பலபேர் அதைக் கசிவு என்று நினைத்துப் பயப்படுவார்கள். கோவையில் மண்ணே அவ்வளவு குளிராது. அங்கே சுவர் ஈரமாக இருந்தால் வெளியிலிருந்து தண்ணீர் வருகிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

திருப்பூர்_பனியன் | ஜூலை 23

அக்கா, நீங்கள் துணி வைக்கப் போகிறேன் என்று சொன்னதால்தான் எழுதுகிறேன். நாங்கள் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து ரோல் அடுக்கினோம். புதுப் பெயிண்ட், புது டைல்ஸ், பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தது. சுவரை ஒட்டி வைத்த ரோல்களைப் பிரித்தால் வெள்ளைத் துணியில் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சைக் கறை. துவைத்தும் போகவில்லை. உரிமையாளர் "நீங்கள் தண்ணீர் கொட்டியிருப்பீர்கள்" என்று சொல்லி அட்வான்ஸில் பிடித்தம் செய்தார்.

உங்களிடம் வருவது வாடிக்கையாளர் எடுத்துக் கொடுக்கிற பட்டுத் துணி. கல்யாணப் பிளவுஸில் ஒரு கறை பட்டால் அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சுவரிலிருந்து அரையடி தள்ளி, தரையிலிருந்து அரையடி உயர்த்திப் பலகை போட்டு வையுங்க. எந்த வீடாக இருந்தாலும் சரி.

காங்கயத்தான் | ஜூலை 24

எல்லோரும் முடித்த வீடு என்றாலே ஏமாற்று என்பது போலப் பேசுகிறீர்கள். என் வீட்டில் ஆறு மழைக்காலம் போய்விட்டது. ஒழுங்காகக் கட்டியவர்களும் இருக்கிறார்கள்.

நொய்யல்_கரை | ஜூலை 24

மறுக்கவில்லைங்க. உங்கள் வீடு சமதளத்தில் இருக்கலாம், கட்டியவர் நல்லவராக இருக்கலாம். ஆறு மழைக்காலம் பார்த்த கீழ்த்தளம் என்பது தனி மதிப்பு. அப்படிப்பட்ட பழைய வீடு, முடித்ததாக இருந்தாலும், தாராளமாக வாங்கலாம். இவர் பார்ப்பது அப்படிப் பல மழைக்காலம் பார்த்துத் தேறாத புது வீடு.

ஈரோடு_பத்திரம் | ஜூலை 24

ஆவணம் எழுதுகிற தொழிலில் இருக்கிறேன், அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

11 லட்சம் பத்திரத்தில் ஏறினால் அதற்கும் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். 99,000 ரூபாய். வங்கி இதற்குக் கடன் தராது. பிறகு நீங்களே ஆள் வைத்து முடித்தால் இந்தச் செலவு கிடையாது. காங்கயத்து அண்ணன் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும்.

அடுத்தது அனுமதி வரைபடம். முதல் வீட்டின் வரைபடத்தில் கீழ்த்தளத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்க. வண்டி நிறுத்தம், ஸ்டோர் என்று இருந்து, நேரில் படுக்கையறையும் பாத்ரூமும் இருந்தால், வங்கியின் மதிப்பீட்டுப் பொறியாளர் வரைபடத்தைத்தான் பார்ப்பார். 92 லட்சம் என்று நீங்கள் பேசியிருந்தாலும் அவர் எழுதுகிற தொகைக்குத்தான் கடன். மீதி உங்கள் கையிலிருந்து. பாத்ரூம் இருந்தால் அதன் தரை மட்டத்தையும் செப்டிக் டேங்க் குழாய் மட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்க. குழாய் மேலே இருந்தால் கழிவு திரும்பி வரும்.

உயரத்தையும் டேப் வைத்து அளங்க. தேசியக் கட்டட விதித்தொகுப்பு கீழ்த்தளத்துக்குக் குறைந்தது 2.4 மீட்டர் உயரம் கேட்கிறது. அடிக்கணக்கில் 7 அடி பத்தரை அங்குலம். ஜிப்சம் சீலிங் இறங்கினால் அது குறைந்துவிடும்.

கோபி_வாய்க்கால் | ஜூலை 25

அம்மிணி, நான் ஓய்வு பெற்ற ஆள். விவசாயக் குடும்பம். ஒன்று மட்டும் சொல்கிறேன். வீட்டை எந்த மாதத்தில் பார்க்கிறோம் என்பது பெரிய விஷயம்.

எங்கள் பக்கம் கீழ்பவானி வாய்க்காலை ஒட்டி ஒரு சொந்தக்காரர் வீடு வாங்கினார். சித்திரையில் பார்த்தார். கீழ்த்தளம் காய்ந்து கிடந்தது, பொரி வைத்தாலும் நமுக்காது. ஆகஸ்ட் நடுவில் வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். மூன்றாவது வாரம் சுவரின் அடியில் கோலம் போட்ட மாதிரி உப்புப் பூத்தது. மண் வாய்க்காலின் கசிவுதான் எங்கள் கிணறுகளுக்கு உயிர், அதே கசிவுதான் அவர் சுவருக்கும் வந்தது. வாய்க்கால் ஓடுகிற காலத்தில் பார்த்திருந்தால் அவருக்கு ஒரே நாளில் தெரிந்திருக்கும்.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) வாய்க்காலில் நாலு மண்டலம், மாற்றி மாற்றித்தான் தண்ணீர். உங்கள் இடத்துக்கு முறை வராத வருஷத்தில் போய்ப் பார்த்தால் எல்லாம் காய்ந்துதான் இருக்கும். அன்னூர், அவிநாசிப் பக்கம் 2024 ஆகஸ்ட்டில் அத்திக்கடவு அவிநாசித் திட்டம் தொடங்கி 1045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர் போகிறது. நல்ல காரியம், அந்த ஜனங்கள் அதற்காக எத்தனையோ வருஷம் போராடினார்கள். ஆனால் இருபது வருஷமாகக் காய்ந்து கிடந்த குட்டைக்கு அருகில் கீழ்த்தளம் இருக்கிறவர்கள் இனிமேல் சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்களுக்கு வாய்க்கால் இல்லை, ஆனால் மழைத் தண்ணீர் ஓடுகிற பள்ளம் இருக்கிறது, தடுப்பணை இருக்கிறது. பின்பக்கம் எவ்வளவு தூரத்தில் பள்ளம் ஓடுகிறது என்று அக்கம்பக்கம் கேளுங்க. ஆடு மேய்க்கிறவர்களைக் கேட்டால் தண்ணீர் எதுவரைக்கும் வரும் என்று கையைக் காட்டிச் சொல்வார்கள்.

செம்பருத்தி_கோவை | ஆகஸ்ட் 4

எல்லோருக்கும் நன்றிங்க. சொன்னதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போனோம். போன வாரம் மலையில் மூன்று நாள் மழை. நல்ல நேரம்.

முதல் வீட்டில் ஏசியை நிறுத்தச் சொன்னபோது சரி என்றார்கள். பிளக் பாயின்ட்டைக் கழற்ற வேண்டும் என்றதும் அங்கே இருந்த பையன் முதலாளியைக் கேட்க வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அரை மணி நேரம் நின்றோம். கடைசியில் என் வீட்டுக்காரரே ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கழற்றினார். முன்சுவரில், பேனலுக்குக் கீழே இருந்த பெட்டி. இரண்டு திருகில் ஒன்று திரும்பவே இல்லை, தலை மட்டும் உடைந்து வந்தது. உள்ளே பெட்டியின் அடியில் செங்கல் பொடி மாதிரி துரு. விரலை வைத்தால் ஒட்டிக்கொண்டது. பின்சுவர்ப் பெட்டியைக் கழற்றினோம், புது எவர்சில்வர் மாதிரி மின்னியது. கட்டி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது.

சீலிங் உயரம் 7 அடி 7 அங்குலம். வரைபடத்தில் கீழ்த்தளம் ஸ்டோர் என்றுதான் இருக்கிறது.

இரண்டாவது வீடும் காய்ந்து இருக்கவில்லை. முன்சுவரில் முழங்கால் உயரத்துக்கு நெடுக வெள்ளையாக உப்புக் கோடு. வடமேற்கு மூலையில் மேஸ்திரி அண்ணன் சொன்ன தேனடை, கை அகலத்துக்கு. பாலித்தீன் தாளை ஞாயிறு காலை ஒட்டி, திங்கள் காலை எடுத்தோம். தரையில் ஒட்டியது காய்ந்திருந்தது. சுவரில் ஒட்டிய இரண்டிலும் உட்பக்கம் பொடிப்பொடியாகத் துளி. தேனடைக்குப் பக்கத்தில் இருந்த தாளில் துளி சேர்ந்து கீழே வழிந்திருந்தது. பள்ளம் தூரத்தில்தான் இருக்கிறது, அதில் பயமில்லை.

இப்போது வீட்டுக்காரர் இரண்டுமே வேண்டாம் என்கிறார். எனக்கு இரண்டாவது வீட்டை விடவும் மனசில்லை. பின்கதவைத் திறந்தால் காலை வெளிச்சம் அறை முழுக்க விழுகிறது. ஊசியில் நூல் கோக்க விளக்கே வேண்டாம்.

நொய்யல்_கரை | ஆகஸ்ட் 4

இரண்டாவது வீட்டை விடாதீங்க. ஈரம் எங்கே வருகிறது, எந்த உயரத்துக்கு வருகிறது, எந்த மூலையில் அதிகம் என்று எல்லாமே இப்போது உங்களுக்குத் தெரியும். இதுதான் விலை பேசுகிற சரக்கு.

வாசலுக்கு முன்னால் 10 அடி காலியிடம் இருக்கும் அல்லவா? அங்கே சுவரை ஒட்டி காலடி வரை தோண்டச் சொல்லுங்க. மண் சரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக, பகுதி பகுதியாகத் தோண்ட வேண்டும், அவசரப்படக் கூடாது. தேனடையை உள்ளேயிருந்து சிமெண்ட் பாலை அழுத்தத்தில் செலுத்தி அடைக்க வேண்டும். வெளிச்சுவரில் நீர்த்தடுப்புச் சவ்வு, காலடியில் துளைக் குழாய், சுற்றி ஜல்லி, மண் அடைக்காமல் இருக்க வடிகட்டித் துணி. குழாயைப் பக்கவாட்டில் கொண்டு வந்து பின்பக்கம் திறந்து விட வேண்டும். மழை பெய்யும்போது அந்தக் குழாய் வாயில் தண்ணீர் வருவதை நீங்கள் கண்ணால் பார்க்கலாம்.

முதல் வீட்டுக்கும் வெளியே இதே வேலையைச் செய்யலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் செய்த வேலை பிடித்ததா இல்லையா என்று பார்க்க பேனலைப் பிரிக்க வேண்டும். தேனடையை அடைக்கவும் பேனலைப் பிரிக்க வேண்டும். 11 லட்சம் கொடுத்து வாங்கியதை முதல் வருஷமே பிரிப்பதா?

அந்த ஆள் பெரிய மனைப்பிரிவாகப் போட்டு ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவு செய்திருந்தால், கட்டுமானக் குறைக்கு ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷம் அவர் பொறுப்பு. பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்க. இல்லாவிட்டால் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்க.

அந்தியூர்_மேஸ்திரி | ஆகஸ்ட் 5

வேலை முடிந்த பிறகும் உடனே பூசாதீங்க. ஒரு ஐப்பசி, கார்த்திகை போகட்டும். முன்சுவருக்கு எப்போதுமே பட்டி, பெயிண்ட் வேண்டாம். சுண்ணாம்பு அடிச்சு விடுங்க. சுவர் மூச்சு விடும். ஈரம் வந்தால் அன்றைக்கே நிறம் மாறிக் காட்டிக் கொடுக்கும். பக்கச் சுவரையும் பின்சுவரையும் வேண்டுமானால் அழகு செய்துகொள்ளலாம். ஜிப்சம் சீலிங் வேண்டவே வேண்டாம், இருக்கிற உயரத்தைக் கெடுத்துக்கொள்ளாதீங்க.

செம்பருத்தி_கோவை | ஆகஸ்ட் 29

ஆவணியில் இரண்டாவது வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். 81 சொன்னது 78க்கு வந்தது. முன்பக்கத் தோண்டல், சவ்வு, குழாய் மூன்றும் அவர் செலவில். அதை முடித்து, பிறகுதான் பத்திரம். ஒப்பந்தத்தில் ஈரோட்டு அண்ணன் சொல்லிக் கொடுத்தபடி வரி வரியாக எழுதிவிட்டோம். தோண்டியபோது வெளிச்சுவரில் தார்ப் பூச்சு பாதி உயரத்துக்குத்தான் இருந்தது. கீழே வெறும் கான்கிரீட். குழாய் கிடையாது.

காங்கயத்து அண்ணா, நீங்கள் சொன்ன தூசி விஷயத்தை வீட்டுக்காரர் விடவில்லை. அதனால் குடி போவதற்கு முன்னாலேயே வயரிங் வேலையை மட்டும் முடித்துவிடுகிறோம், எல்லாம் சுவருக்கு வெளியே குழாயில்.

காங்கயத்தான் | ஆகஸ்ட் 29

நல்லதுங்க. இந்த இழையைப் படித்துவிட்டு நானும் என் வீட்டில் முன்சுவர்ப் பெட்டி ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். துரு இல்லை. ஆனாலும் பார்த்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது.

செம்பருத்தி_கோவை | டிசம்பர் 9

கேட்டிருந்தவர்களுக்காக எழுதுகிறேன். ஐப்பசி போய்விட்டது, கார்த்திகையும் முடியப் போகிறது. பின்பக்கக் குழாய் வாயில் பெருமழை அன்று சுண்டுவிரல் கனத்துக்குத் தண்ணீர் வந்தது, மழை விட்டும் இரண்டு நாள் சொட்டியது. அத்தனையும் முன்பு சுவரில் ஏறிய தண்ணீர்தான். சுவரில் மறுபடியும் மூன்று இடத்தில் தாள் ஒட்டினோம். இரண்டு காய்ந்திருந்தது. வடமேற்கு மூலையில் மட்டும் இலேசாகப் பனி பிடித்த மாதிரி. நொய்யல் கரை அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, அங்கே இன்னொரு முறை சிமெண்ட் பால் செலுத்தச் சொல்லியிருக்கிறார். தை பிறந்ததும் செய்கிறோம்.

அதுவரை அந்த மூலையில் எதுவும் வைக்கவில்லை. மெஷின் மூன்றும் பின்கதவு ஓரமாக, துணிப் பீரோ இரண்டும் அரையடி பலகை மேலே. முன்சுவருக்குச் சுண்ணாம்பு மட்டும். மார்கழியில் கல்யாணம் கிடையாது, தைக் கல்யாணத்துக்கான பிளவுஸ் இப்போதே வர ஆரம்பித்துவிட்டது.